இடது பக்கத்து இரண்டு பெல்ட்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்து நூலகத்தில் மாதம் ஒரு தடவை தமிழ் வாசகர்கள் கூடுவார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் கூட்டத்தை நடத்தும் டீச்சர், "எல்லாரும் வேலை பார்த்த அனுபவத்தை எழுதிட்டு வாங்க, நீங்களும்தான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாரம் ஜாலான் புசாரில் ஸ்க்ரூ வாங்கப் போயிருந்தேன். சிக்னலில் ஒரு லாரி நின்றது. பின்னால் புல்வெட்டும் பெரிய மிஷின், நாலு மூலைக்கும் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மினிபஸ். அதில் ஆட்கள் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போனார்கள். மிஷின் தனி வண்டி, மனிதர் தனி வண்டி. நல்ல மாற்றம், சந்தோஷப்பட வேண்டியதுதான். நான் ஸ்க்ரூ வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நான் பார்த்த வேலை அந்த பெல்ட் கட்டுகிற வேலை.

கம்பெனி பேர் வேண்டாம். கான்ட்ராக்ட் எடுத்துப் புல் வெட்டுகிற கம்பெனி. ரோட்டோரம், திடல், கால்வாய்க் கரை, எங்கே கான்ட்ராக்ட் கிடைக்கிறதோ அங்கே போய் வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். முதல் சில வருஷம் வெட்டின புல்லைக் கூட்டி மூட்டை கட்டினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, வெயிலும் முதுகுவலியும்தான். பிறகு கம்பெனி உட்கார்ந்து ஓட்டுகிற மிஷின் வாங்கியது. முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து இடம், ஆறு இடம். ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏற்றி, கட்டி, இறக்க வேண்டும். பையன்கள் பெல்ட்டைச் சுருட்டி ஈரத்தோடு மூலையில் வீசுவார்கள். நான் யாரும் சொல்லாமலே அதை எடுத்துத் துடைத்து, மடித்து வைப்பேன். அதைப் பார்த்த சூப்பர்வைசர் பாஸ்கரன் சார், "அக்கா கை சுத்தம். இனிமே கட்டுறது அக்காதான்" என்றார். இருபது ஆண்களுக்கு நடுவில் எனக்கு என்று ஒரு வேலை. பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வேலை எப்படி என்று எழுதுகிறேன், பின்னால் சொல்லப்போவது அப்போதுதான் புரியும்.

மிஷின் பலகை மேல் ஏறி லாரிக்குள் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூட வேண்டும். பிளேடு இருக்கும் இரும்புத் தட்டை முழுக்கக் கீழே இறக்கித் தரையில் உட்கார வைக்க வேண்டும். கைப்பிரேக் போட வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகு நாலு பெல்ட், இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. லாரித் தரையில் நாலு இரும்பு வளையம் இருக்கும், கொக்கியை அதில் மாட்டிக் கைப்பிடியை ஆட்டினால் கிளிக் கிளிக் என்று இறுகும். இடது இரண்டையும் இறுக்கிவிட்டுப் பிறகு வலது என்று செய்யக்கூடாது. இடது ஒன்று, வலது ஒன்று, மாற்றி மாற்றி. இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுத்தால்தான் மிஷின் நடுவில் நிற்கும். வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி இன்னொரு தடவை இறுக்க வேண்டும், டயர் அமுங்கி பெல்ட் தளர்ந்திருக்கும். டிரைவர் ரஹ்மான், மலாய்க்காரர், நான் இறங்கி ஏறும் வரை பொறுமையாக இருப்பார். "சுடா, காக்?" என்பார், முடிந்ததா அக்கா என்று. நான் தலையை ஆட்டினால்தான் வண்டி நகரும்.

இது முழுக் கட்டு. எங்கள் கம்பெனியில் இன்னொரு கட்டும் இருந்தது. அதற்கு ஆள் கட்டு என்று பேர்.

ஆட்களை ஏற்றிப் போக வேறு லாரி உண்டு. ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அதை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது ஆட்களும் மிஷின் லாரியிலேயே ஏற வேண்டும். நாலு பெல்ட்டும் தரையில் குறுக்கே போனால் மனிதர் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் இடது பக்கத்து இரண்டையும் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் கால் நீட்டி உட்காருவார்கள். பாஸ்கரன் சார் போன் பண்ணி, "அக்கா, இப்ப ஆள் கட்டு போட்டுக்குங்க" என்பார். பேர் வைத்துவிட்டால் அதுவும் ஒரு முறை மாதிரி ஆகிவிடுகிறது.

பாஸ்கரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. மற்ற சூப்பர்வைசர்கள் கெட்ட வார்த்தை இல்லாமல் பேச மாட்டார்கள். இவர் எல்லாரையும் தம்பி என்பார், என்னை அக்கா என்பார். நெற்றியில் திருநீறு அழியாமல் இருக்கும். நம்மிடம் ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டே பேசுவார். மடித்து முடிக்கிறதுக்குள் நாம் சரி என்று சொல்லியிருப்போம்.

சீட்டு விஷயமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை மிஷினை ஏற்றும்போதும் ஒரு தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக், கட்டை, பெல்ட் நாலு என்று ஆங்கிலத்தில் இருக்கும். எனக்கு அந்த 4 மட்டும் தெரியும். முதல் மாதம் ஒவ்வொரு இடத்திலும் போட்டேன். மழையில் தாள் ஊறிக் கிழிந்தது. சார் கைக்குட்டையை மடித்தார். "காலையிலேயே ஆறு இடத்துக்கும் போட்டுடுங்கக்கா. நீங்க கட்டுறதுல எனக்கு என்ன சந்தேகம்?" அதிலிருந்து காலை ஏழு மணிக்கே, இன்னும் ஏற்றாத மிஷினை, போகாத இடத்துக்கு, நாலு பெல்ட் போட்டுக் கட்டியதாக எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். அன்றைக்கு ஆள் கட்டு வருமா என்று காலையில் யாருக்குத் தெரியும்? நாலு என்றே டிக் போடுவேன்.

ஏழெட்டு வருஷம் இப்படி ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததே கெடுதலாகப் போயிற்று.

அப்போது எங்களோடு முத்தையா என்று ஒருவன். அறந்தாங்கிப் பக்கம். வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதுகில் மாட்டுகிற மிஷினால் வெட்டுவான். வாய் சும்மா இருக்காது. நான் பேசாதவள் என்பதால் என்னைச் சீண்டுவதே அவனுக்கு வேலை. "டேய், அக்கா இன்னைக்கு மூணு வார்த்தை பேசிட்டாங்கடா. குடை எடுத்துக்கோ" என்பான். நான் டிரைவர் பக்கத்தில் முன்னால் உட்காருவேன், அதற்கும் ஒரு பேச்சு. "அக்கா ஏர்கான்ல போறாங்க. நாமதான் புல்லோட புல்லு." எனக்குச் சிரிப்பு வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில் சாங்கி கடலோர ரோட்டில் வேலை. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மதியம் கேலாங் பக்கம் ஒரு திடலுக்குப் போக வேண்டும். மிஷினை ஏற்றி, இடது ஒன்று, வலது ஒன்று கட்டிவிட்டேன். போன் வந்தது. "அக்கா, ஆள் லாரியை வேற சைட்டுக்கு அனுப்பிட்டேன். ஆள் கட்டு போட்டுக்குங்க. ரெண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும்லா, கிளையண்ட் வர்றார்." கட்டின இடது பெல்ட்டை அவிழ்த்தேன். என் கையாலேயே அவிழ்த்தேன். வலது பக்கம் இரண்டையும் நன்றாக இறுக்கினேன். ஆறு பேர் ஏறினார்கள். முத்தையா பின்பக்கச் சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்தான். "ரஹ்மான் அண்ணனை மெதுவா ஓட்டச் சொல்லுங்கக்கா. நேத்துதான் புது பூட்ஸ் போட்டிருக்கேன், அழுக்காயிடும்" என்றான்.

கொஞ்ச தூரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வலது பெல்ட் இரண்டும் கல் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் எவ்வளவு இறுக்கினாலும் அது கட்டு இல்லை என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஏறி உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.

எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்குகிற வளைவு நீளமான இடது வளைவு. அதில் வண்டி திரும்பும்போது மிஷின் வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். இடதில் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை, தரையெல்லாம் ஈரப் புல். வலது பக்கம் நகர்ந்தால் வலது பெல்ட் தளரும். தளர்ந்தால் கொக்கி வளையத்திலிருந்து விழுந்துவிடும். இதெல்லாம் பிறகு யோசித்தது. அடுத்த சிக்னலில் பச்சை இருந்தது. ரஹ்மான் வலது பக்கம் திரும்பினார். பின்னால் ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஆறு பேரில் ஐந்து பேர் கேபின் சுவரைக் கையால் அடித்த சத்தம்.

மிஷினின் இரும்புத் தட்டுக்கும் லாரியின் பக்கப் பலகைக்கும் நடுவில் முத்தையாவின் வலது கால். நாங்கள் எல்லாரும் சேர்ந்து மிஷினைத் தள்ளினோம். அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "பூட்ஸைக் கழட்டாதீங்கக்கா" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி கீழே காப்பிக் கடையில் பாஸ்கரன் சார் எனக்குக் கோப்பி வாங்கி வைத்தார். கைக்குட்டையை எடுத்தார்.

"அக்கா, பதறாதீங்க. சீட்டுல நாலு பெல்ட்டுன்னு டிக் இருக்கு. கையெழுத்து உங்களுது. இப்ப நாலும் நீங்க கட்டியிருந்தா, உள்ள உக்காந்தவன் எவனோ கால் நீட்டுறதுக்கு அவுத்திருக்கணும். இல்ல, ரெண்டுதான் கட்டினேன்னு சொன்னீங்கன்னா, பொய்யா டிக் போட்டது நீங்கன்னு ஆகும். நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே யோசிச்சுக்குங்க."

"நீங்கதான் சார் போன் பண்ணீங்க" என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. அவர் நாலாக மடித்த கைக்குட்டையை என் பக்கம் நீட்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன், அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாளில் விசாரிக்க அரசாங்க அதிகாரி வந்தார். ஆபீஸ் பையன் ஒருவன் தமிழில் எடுத்துச் சொன்னான். "எத்தனை பெல்ட் கட்டினீங்கன்னு கேட்கிறார்." நான், "சீட்டுல இருக்கிற மாதிரிதான்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது என்று நான் நினைத்துக்கொண்ட பதில். பையன் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது ஒரே வார்த்தை, "ஃபோர்." கூட இருந்த ஐந்து பேரும் கவனிக்கவில்லை என்றார்கள். ரஹ்மான் முன்னால் இருந்ததால் தெரியாது என்றார். ஆக, கால் சிக்கினவன் முத்தையா, பெல்ட்டை அவிழ்த்தவனும் அவன்தான் என்று ஆயிற்று.

அவனுக்குச் சட்டப்படி சேர வேண்டிய நஷ்டஈடு வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. அவன் கேட்டது வேறு. நான் பார்க்கப் போனபோது சொன்னான். "ஸ்டோர்ல உக்காந்து பிளேடு தீட்டுறேன்னு கேட்டிருக்கேன்கா. அதுக்கு ரெண்டு காலும் வேணாம்ல? பெரிய பாஸ் சரின்னுட்டாரு. ஆனா பாஸ்கரன் சார் சொல்றாரு, சேஃப்டியை மீறின ஆளுக்கு கம்பெனியில இடம் கிடையாதாம். ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசப்போறாங்க." போர்வையைச் சரிபண்ணிக்கொண்டு கேட்டான். "அக்கா, நான் அவுத்தேனா?"

"நீ அவுக்கல."

"அதை அங்க வந்து சொல்லுங்கக்கா. ஒத்தக் காலோட ஊருக்குப் போனா எவன் வேலை குடுப்பான்? ஒரு வார்த்தை போதும். நீங்க மூணு வார்த்தைகூடப் பேச வேணாம்."

"சரி" என்றேன்.

அந்த நாள் வந்தது. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'சார், அன்னைக்கு ரெண்டுதான் கட்டினேன், ஆள் கட்டு.' அவ்வளவுதான். ஆபீஸ் அறையில் பெரிய பாஸ், பாஸ்கரன் சார், ஊன்றுகோலோடு முத்தையா, ஓரத்தில் நான். பாஸ்கரன் சார் சீட்டை மேஜையில் வைத்தார். பெரிய பாஸ் முத்தையாவைப் பார்த்துக் கேட்டார். அவன், "டூ ஒன்லி, பாஸ்" என்று சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தான். பெரிய பாஸும் பார்த்தார்.

நான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். எனக்குச் சின்ன வயசிலிருந்து அப்படித்தான். கேட்டால் சொல்லுவேன். நானாக வாய் திறக்க வராது. பாஸ்கரன் சார் மெதுவாக, "அக்காவைத் தொந்தரவு பண்ண வேணாம். அவங்க சொன்னது ஏற்கெனவே எழுத்துல இருக்கு" என்று தமிழில் எனக்குச் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னார். பெரிய பாஸ் தலையை ஆட்டினார். நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மறு வாரம் முத்தையாவை அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினான். நான் ஹலோ, ஹலோ என்றேன். "பரவால்லக்கா. நீங்க கூச்சப்படுறவங்க, எனக்குத் தெரியும்" என்றான். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. அதைக்கூட தண்டனை என்று யாரும் கொடுக்கவில்லை. கம்பெனியில் திங்கட்கிழமை காலை எல்லாரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாஸ்கரன் சார் பேசுவார். நான் பக்கத்தில் நின்று பெல்ட்டை மாட்டி இறுக்கிக் காட்ட வேண்டும். "இங்க ஒருத்தன் இருந்தான். கால் நீட்ட இடம் இல்லைன்னு அக்கா கட்டின பெல்ட்டை அவுத்தான். இப்ப நீட்டுறதுக்குக் காலே இல்லை" என்பார். புதுப் பையன்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்வார்கள். சார் என் பக்கம் கையைக் காட்டுவார். நான் கிளிக் கிளிக் என்று இறுக்குவேன். இடது ஒன்று, வலது ஒன்று. ஆள் கட்டு என்ற பேச்சே பிறகு எழவில்லை. எழுந்தால் அப்படி ஒன்று இருந்ததாக ஆகிவிடுமே. ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே நின்றேன். போகும்போது மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "ரொம்ப நன்றி" என்றேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சாப்பாட்டுக் கடையில் தோசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த மேஜையில் இரண்டு பேர். ஒருவனுக்கு முப்பத்தைந்து இருக்கும், பழைய ஆள். இன்னொருவன் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, எதைப் பார்த்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பெரியவன் போட்டிருந்தது எங்கள் கம்பெனிச் சட்டை. புதியவனுக்கு வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டுல மட்டும் கையை வச்சிராத. முன்னாடி ஒரு தஞ்சாவூர்க்காரன், கால் நீட்டணும்னு அவுத்துட்டான். கால் போச்சு. குடிச்சிருந்தானாம்."

ஊரும் மாறிவிட்டது. குடியும் சேர்ந்துவிட்டது.

தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொன்னேன். "தம்பி, அது அப்படி நடக்கல."

"யாரும்மா நீங்க?"

"பெல்ட் கட்டினவ. ரெண்டுதான் கட்டினேன். இடது பக்கம் கட்டல. சார் போன் பண்ணி வேணாம்னாரு. அவன் அவுக்கல. அவன் குடிக்கிறவனும் இல்ல. அறந்தாங்கிப் பையன்."

புதியவன் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் என்னை உற்றுப் பார்த்தான். "போட்டோவுல பார்த்திருக்கேன் உங்கள. ஆபீஸ்ல மாட்டியிருக்கு, மாலையோட." டீ கப்பைத் தள்ளி வைத்தான். "ஏம்மா இதை என்கிட்ட சொல்றீங்க? இப்ப திங்கக்கிழமை சார் பக்கத்துல நின்னு பெல்ட் மாட்டிக் காட்டுறது நான்தான். இனிமே அந்தக் கதையை அவர் சொல்றப்ப நான் எப்படி நிக்கிறது?"

"நீயாவது சொல்லு" என்றேன்.

"நான் வொர்க் பர்மிட்ல இருக்கேன்மா. வாயைத் திறந்தா மறுநாளே ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். நான் என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். அவனுக்குக் காரணம் இருக்கிறது. நான் இதே ஊரில், கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். என்னை எந்த விமானத்தில் ஏற்றி எங்கே அனுப்பியிருப்பார்கள்?